ஒரே ஆறு, ஒன்பது அலுவலகம்: வன்னியில் அரச திணைக்களங்கள் சேர்ந்து பொது வரைபடத் தரவை உருவாக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் உற்பத்தியாகி, முல்லைத்தீவு மாவட்டத்தின் வழியே வந்து, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேர்கிறது. வழியில் மூன்று மாவட்டச் செயலகங்களின் எல்லை. இரணைமடுவைப் பராமரிப்பது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். அதே நீரேந்து பகுதியில் உள்ள சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பக்கத்துக் காடு வன இலாகாவுடையது. ஆறு முடியும் சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களம். குறுக்கே போகும் வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், பிரதேச சபை என்று மூன்று கைகளில் இருக்கின்றன. இவை போக, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் நில அளவைத் திணைக்களமும்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. அப்படியோர் இரவில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: இந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் எந்தக் கிராம அலுவலர் பிரிவில் எந்த ஒழுங்கை முதலில் மூழ்கும், மக்களை எந்தப் பாதையால் எடுப்பது? விடையின் துண்டுகள் மேலே சொன்ன அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகப் பொருத்தும் வேலைக்கான வழிகாட்டி இது. திட்டமிடல் கிளையில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர், நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிரதேச சபை ஊழியர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கமக்கார அமைப்புச் செயலாளர்களுக்கும் பல பகுதிகள் பயன்படும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஓரளவு பழைய கணினியிலும் ஓடும், இரண்டு வாரத்தில் அடிப்படை பழகிவிடும். எந்தக் கோட்டுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் மாதக்கணக்கு ஆகும்.

படி 1: குளத்தில் தொடங்குங்கள்

"மாவட்டத்தின் முழுத் தரவுத்தளம்" என்று தொடங்கிய முயற்சிகள் பெரும்பாலும் ஒரு பயிற்சிப் பட்டறையோடும் ஒரு குழுப் படத்தோடும் முடிந்துபோகும். ஒரே ஒரு விடயத்தை எடுங்கள். வன்னியில் அது குளமாக இருக்கட்டும்.

காரணம் உண்டு. குளத்தைப் பற்றிப் பேச எல்லோரும் ஏற்கெனவே ஒரு மேசைக்கு வருகிறார்கள். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பிரதேச செயலாளர், நீர்ப்பாசனம், கமநல சேவை, விவசாயத் திணைக்களம், கமக்கார அமைப்புகள் எல்லாம் இருக்கும். புதிதாக ஒரு குழு அமைக்கத் தேவையில்லை. காணி, காடு, தொல்லியல் எல்லை என்று தொடங்கினால் முதற் கூட்டத்திலேயே சண்டை வரும். அவற்றுக்கும் இடம் இருக்கிறது, பிறகு.

முதற் கட்டத்துக்கு ஐந்து அடுக்குகள் (ஒரே வகைத் தகவல் மட்டும் உள்ள வரைபடத் தாள்கள்) போதும்: குளம் (முழு நீர்மட்டக் கோடு), அணைக்கட்டு, வானும் (மிகைநீர் வழியும் இடம்) துருசும் (வாய்க்காலுக்கு நீர் திறக்கும் மதகு), பிரதான வாய்க்கால், அணுகுபாதை. அதற்கு அடியில் கிராம அலுவலர் பிரிவு எல்லை.

படி 2: கடிதம்

மாவட்டச் செயலாளர் தலைமையில், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலோ விவசாயக் குழுவிலோ தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். தீர்மானம் இல்லாமல் நட்பின் பேரில் பென்டிரைவில் வாங்கிய தரவு, கொடுத்தவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அநாதையாகிவிடும். ஒவ்வொரு திணைக்களமும் இருவரின் பதவியைக் குறிப்பிட வேண்டும். பெயரை எழுதினால் அடுத்த இடமாற்றத்தோடு கடிதம் பழசாகும், பதவியை எழுதினால் நிற்கும். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

"கீழ்க் குறிப்பிட்ட அடுக்குகளின் பொறுப்பாளர் எமது திணைக்களம். ஏனைய திணைக்களங்கள் இவற்றைத் தம் பணிக்குப் பயன்படுத்தலாம். திருத்த வேண்டுமாயின் எமக்கு அறிவிக்க வேண்டும். நாம் 30 நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டதையோ மறுத்ததையோ எழுத்தில் தெரிவிப்போம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் செப்டெம்பர் மாதத்துக்கு முன் புதுப்பிப்போம்."

இந்த ஐந்து வாக்கியங்களில் முக்கியமானது "மறுத்ததையோ". மறுக்கும் உரிமை தமக்கு இருக்கிறது என்று தெரிந்தால்தான் திணைக்களங்கள் தரவைத் தரத் துணியும்.

நில அளவைத் திணைக்களத்தின் தரவு வேறு வகை. 1800இல் தொடங்கிய அந்தத் திணைக்களத்தின் வரைபடங்களுக்கும் எண்ணிமத் தரவுக்கும் கட்டணமும் பதிப்புரிமையும் உண்டு. வாங்கிய தரவை மற்றொரு அலுவலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். அதைப் பிரதி பண்ணி, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது கூடவே கூடாது.

படி 3: எந்த அடுக்கு யாருடையது

குளத்தில் சட்டப்படியே ஒரு பிரிவு இருக்கிறது. பாசனப் பரப்பு 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்டவை சிறு குளங்கள், கமநலத்துக்குரியவை. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத்துக்கு. அந்த நீர்ப்பாசனத்திலும் இரண்டு. மாகாணத்துக்குள் பிறந்து மாகாணத்துக்குள்ளேயே முடியும் ஆறு மாகாணத் திணைக்களத்துக்கு. மாகாண எல்லையைத் தாண்டி வரும் ஆறு மத்திய அரசின் திணைக்களத்துக்கு. ஆகவே இரணைமடு மாகாணத்திடம் இருக்கிறது. அநுராதபுரம் பக்கமிருந்து வரும் அருவியாற்று நீரைப் பெறும் மன்னார் கட்டுக்கரைக்குளம் மத்தியிடம் இருக்கிறது. இது தெரியாமல் கிளிநொச்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

வீதிகளில் ஏ, பி தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. மிச்சம் பிரதேச சபைக்கு. கிராம அலுவலர் பிரிவு எல்லை நிருவாக விடயம், அதைப் பிரதேச செயலகம் உறுதிப்படுத்த வேண்டும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், குழாய்க்கிணறு ஆகியவற்றை இரண்டாம் ஆண்டுக்கு விடுங்கள்.

ஒரு அடுக்குக்கு ஒரே பொறுப்பாளர்தான். இரண்டு திணைக்களம் உரிமை கேட்டால் அடுக்கை இரண்டாகப் பிரியுங்கள். கூட்டுப் பொறுப்பு என்று எழுதினால் யாரும் புதுப்பிக்கமாட்டார்கள்.

படி 4: எண்

வன்னியில் புதுக்குளம் எத்தனை, பெரியகுளம் எத்தனை, மருதங்குளம் எத்தனை என்று எண்ணப் புகுந்தால் பொழுது சாய்ந்துவிடும். பிரதேசப் பெயர்களே குழப்பும். மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். வெறுமனே "மாந்தை" என்று எழுதிய கோவையை எங்கே வைப்பது? புதுக்குடியிருப்பு என்ற பெயரில் வெவ்வேறு மாவட்டங்களில் ஊர்கள் இருக்கின்றன.

எனவே ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எழுத்துகள் வேண்டாம், இலக்கங்கள் மட்டும். மூன்று மொழியிலும் தட்டச்சுப் பிழை இல்லாமல் போவது இலக்கம் ஒன்றுதான். அந்த எண்ணுக்குள் மாவட்டத்தையோ திணைக்களத்தையோ திணிக்காதீர்கள். பொறுப்பு கை மாறும், எல்லை மாறும். கிளிநொச்சியே 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. மாவட்டம், பிரதேசம், கிராம அலுவலர் பிரிவுக் குறியீடு எல்லாம் தனித்தனி நிரல்களில் இருக்கட்டும். கமநலம் தன் பதிவேட்டு எண்ணையும் நீர்ப்பாசனம் தன் திட்ட எண்ணையும் கைவிட வேண்டியதில்லை. அவற்றுக்கும் ஆளுக்கொரு நிரல்.

உடைந்து கைவிடப்பட்ட குளத்துக்கும் எண் வேண்டும். அணை இருந்த தடம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும்.

படி 5: ஆள்கூறு, அதிகம் சறுக்கும் இடம்

இலங்கையில் நடைமுறையில் நான்கு வகை ஆள்கூறுகள் (ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள்) கைக்கு வரும். பழைய தாள்களில் கந்தவல தளத்தின் (அளவீடுகளுக்கு ஆதாரமாக வைக்கும் பூமி மாதிரி) அடிப்படையிலான தேசிய கட்டம் (நமது கிளிநொச்சிக் கண்டாவளை இல்லை, நீர்கொழும்புப் பக்கத்து ஊர்). பிறகு 1999ஆம் ஆண்டுத் தளத்தின் கட்டம். கைபேசியும் ஜிபிஎஸ் கருவியும் தரும் அகலாங்கு, நெட்டாங்கு. சர்வதேச நிறுவனங்கள் விட்டுச்சென்ற கோப்புகளில் உலகப் பொதுக் கட்டமான யுடிஎம், அதன் வலயம் 44. கோப்பில் எது என்று எழுதியிருப்பது அபூர்வம். ஆனால் எண்ணைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கிளிநொச்சி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டத்தில் அதன் கிழக்கு எண் 160,000ஐ ஒட்டியும் வடக்கு எண் 464,000ஐ ஒட்டியும் வரும். 1999 கட்டத்தில் அவை முறையே 460,000, 764,000 அளவில் வரும். இரண்டுக்கும் இடையே தொடக்க எண்ணில் மூன்று இலட்சம் வித்தியாசம். ஆகவே வன்னியில் வடக்கு எண் 3 அல்லது 4 இல் தொடங்கினால் பழையது. 6 அல்லது 7 இல் தொடங்கினால் புதியது. 9 இலட்சத்தைத் தாண்டினால் யுடிஎம். 8, 9 என்று சிறிய எண்ணும் புள்ளிக்குப் பின்னால் நீண்ட தசமமும் இருந்தால் அகலாங்கு. இந்த வரியை அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

பழைய எண்ணைப் புதிய கட்டம் என்று கணினியிடம் சொன்னால் கிளிநொச்சி கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் போய் நிற்கும். அது நல்ல பிழை, எல்லோருக்கும் தெரியும். ஆபத்தானது அடுத்த வகை: கட்டம் சரி, ஆனால் தள மாற்றம் செய்யாமல் ஜிபிஎஸ் புள்ளியையும் பழைய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. அப்போது நூறு மீட்டருக்கும் கூடுதலாக விலகும். படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், ஆனால் துருசு வயலுக்குள்ளும் வீடு காட்டுக்குள்ளும் விழும். ஒருவரின் காணி ஒதுக்குக்காட்டுக்குள் போவதற்கு நூறு மீட்டர் தாராளம்.

எனது பரிந்துரை: பொதுத் தொகுப்பு முழுவதும் 1999 கட்டத்தில் இருக்கட்டும். களத்தில் எடுக்கும் புள்ளிகளின் மூல அகலாங்கு, நெட்டாங்கையும் தனி நிரலில் வைத்திருங்கள். மாற்றம் செய்யும்போது கியூஜிஐஎஸ்ஸில் ஆள்கூற்று முறையைத் தெரிவுசெய்து மாற்றுங்கள், கையால் மூன்று இலட்சம் கூட்டி முடிக்காதீர்கள். பின்னர் களத்தில் சந்தேகமில்லாமல் அடையாளம் காணக்கூடிய மூன்று இடங்களில், ஒரு பாலம், ஒரு வான் சுவர், ஒரு சந்தி, படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: களம்

ஒரு குளத்துக்கு இருவர் போதும்: ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், கமக்கார அமைப்பிலிருந்து ஒருவர். இரண்டாமவர் இல்லாமல் போகவே வேண்டாம்.

அணைக்கட்டில் துருசுக்கு நேர் மேலே நில்லுங்கள். கைபேசியைக் கையில் பிடித்தபடி, செயலி காட்டும் துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை அசையாமல் இருங்கள். மரநிழலில் இறங்காது, இரண்டடி தள்ளி வெளிக்கு வாருங்கள். புள்ளியைப் பதிந்ததும் வயல் பக்கம் பார்த்து ஒரு படம், குளத்துப் பக்கம் பார்த்து ஒரு படம். பிறகு கேளுங்கள்: இந்தத் துருசின் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு? கதவு வேலை செய்கிறதா? அடுத்து வானுக்குப் போங்கள். குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் போகும், எந்த ஒழுங்கையை வெட்டும் என்பதைக் கமக்காரர் கையால் காட்டுவார். அந்தக் கோட்டை எந்தச் செய்மதியும் தராது.

முழு நீர்மட்டக் கோட்டை நடந்தே வரைய முயலாதீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு முறை. குளம் நிரம்பிய பிறகு, மேகம் விலகிய ஒரு ஜனவரி நாள் படத்தை எடுத்து வரைந்துவிட்டு, அலைகரைப் பகுதியை (அணைக்கு எதிர்ப்புற நீரோரம்) மட்டும் களத்தில் சரிபாருங்கள். அலைகரையில் பயிர் செய்பவர்கள் உண்டு. அங்கே கோடு போடுமுன் ஊராருடன் பேசுங்கள். வெள்ளம் நடக்கும் நாட்களுக்கு மேகத்தை ஊடுருவும் ராடார் படமான சென்டினல்-1 உதவும்.

படி 7: பெயர்கள்

பழைய கணினிக் கோப்புகளில் ஊர்ப்பெயர்கள், ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பாமினி எழுத்துருவில் இருக்கும். வரைபட மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழித்துவிடாதீர்கள், ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்கத்தான் வேண்டும்.

தரவைப் பழைய ஷேப்ஃபைல் வடிவில் வைக்காமல் ஜியோபேக்கேஜ் வடிவில் வைப்பதற்கும் இதுவே காரணம். ஷேப்ஃபைலில் நிரல் தலைப்புக்குப் பத்து எழுத்து இடந்தான். ஒருங்குறித் தமிழில் ஒரு குறி மூன்று இடம் பிடிப்பதால் "குளம்" என்பதே முழுதாக அடங்காது. தவிர, ஒரு படம் குறைந்தது மூன்று கோப்புகளாகப் பிரிந்திருக்கும். அனுப்பும்போது ஒன்றை மறந்தால் திறக்காது. ஆள்கூற்று விவரம் இருக்கும் நான்காவது கோப்புத்தான் வழக்கமாகத் தொலைவது.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி நிரல். கூடவே "வேறு பெயர்" என்று ஒன்று. தமிழில் மணலாறு, சிங்களத்தில் வெலிஓயா என்று இரு பெயர் வழங்கும் இடம் போன்றவற்றில் எந்தப் பெயரையும் வெட்டியெறியும் அதிகாரம் வரைபடம் வரைபவருக்கு இல்லை. ஊரார் சொல்லும் பெயரை யார், எந்த ஆண்டு சொன்னார் என்பதோடு பதியுங்கள்.

படி 8: தகராறான எல்லைகள்

யுத்த காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் வயல்கள் பற்றை மூடி, காடாகி, திரும்பி வந்தபோது அவை வன எல்லைக்குள் இருந்தன என்ற முறைப்பாடு வன்னியின் எல்லா மாவட்டங்களிலும் கேட்கிறது. பொதுத் தரவுத்தொகுப்பு இதைத் தீர்க்காது. தீர்க்க முயன்றால் ஒரு திணைக்களம் எழுந்து போய்விடும், தொகுப்பும் அதோடு முடியும்.

செய்யக்கூடியது இது. வர்த்தமானியில் வந்த வன எல்லை, பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரக் காணி, நில அளவைத் திணைக்களத்தின் கிராமப் படம் ஆகிய மூன்றையும் மூன்று தனி அடுக்குகளாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலம், திகதி, பொறுப்பாளர் இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தை நான்காவது அடுக்காக, "இணக்கம் காணப்படவில்லை" என்று குறியுங்கள். எத்தனை ஏக்கர், எந்தெந்தக் கிராமம் என்று முதல் தடவையாக ஒரே பக்கத்தில் தெரியும். கூட்டத்தில் வாய்ப்பேச்சு குறைந்து, கோட்டைக் காட்டிப் பேசும் நிலை வரும்.

சான்று தேடுவோருக்கு: பழைய ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான தாள்களில் வயலும் குளமும் குறிக்கப்பட்டிருக்கும். லாண்ட்சாட் செய்மதியின் 30 மீட்டர் படங்கள் 1980களிலிருந்து எடுக்கப்பட்டவை, இலவசமாகப் பார்க்கலாம். மேகமில்லாத படம் அமைந்தால் பயிர் செய்த நிலம் தெளிவாகத் தெரியும்.

படி 9: பொதுவில் விடக்கூடாதவை

கண்ணிவெடித் தரவு முதலில். அதன் பொறுப்பாளர் 2010இல் அமைக்கப்பட்ட தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு நிலையம். முகமாலை போன்ற இடங்களில் நிலைமை மாறிக்கொண்டே வருவதால் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மாதம் பழைய "துப்புரவு செய்யப்பட்டது" என்ற கோடும், ஆறு மாதம் பழைய "சந்தேகப் பிரதேசம்" என்ற கோடும் இருவேறு விதத்தில் ஆபத்தானவை. களப்பணிக்கு முன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். குளத்துப் பொதுப்படத்தில் அந்த அடுக்கைச் சேர்க்காமல், "விசாரிக்கவும்" என்ற குறிப்பை மட்டும் போடுங்கள்.

அடுத்தது ஆட்களைப் பற்றிய தகவல். காணி உரிமையாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம், பெண் தலைமைக் குடும்பம், உதவி பெறுவோர் பட்டியல் ஆகியவை பிரதேச செயலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வன்னியில் ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளத் திட்டமிடலுக்குத் தேவை ஒரு ஒழுங்கையில் எத்தனை வீடு என்பதே.

மறுபுறம், குளம், வாய்க்கால், பாதை, பாடசாலை, நலன்புரி நிலையமாக (இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமாக) பயன்படும் கட்டடம் ஆகியவற்றை மறைக்க எந்த நியாயமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டிவரும். கேட்கும் முன்னரே வெளியிடுவது மலிவு. அரசின் பொது வரைபடத் தரவுத் தளமான தேசிய இடஞ்சார் தரவு உட்கட்டமைப்புத் தளத்துக்கு அனுப்புவதும் இந்த வகைத் தரவைத்தான்.

படி 10: வைப்பது, புதுப்பிப்பது, ஒப்படைப்பது

மாவட்டச் செயலகத் திட்டமிடல் கிளையில் ஒரே ஒரு மூலக் கோப்பு. பெயரில் திகதி. "இறுதி", "புதிய இறுதி" என்று பெயரிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பொறுப்பாளர்கள் திருத்தங்களை அனுப்புவார்கள், ஒருவர் மட்டும் மூலக் கோப்பில் ஏற்றுவார். ஒவ்வொரு அடுக்கோடும் அரைப் பக்கக் குறிப்பு: யார் எடுத்தார், எப்போது, எந்தக் கருவியில், எந்த ஆள்கூற்று முறையில், எதை நம்பக்கூடாது. கடைசி வினாவைத்தான் பெரும்பாலும் வெறுமையாக விடுவார்கள். "வாய்க்கால் கோடுகள் செய்மதிப் படத்திலிருந்து வரைந்தவை, களத்தில் பார்க்கவில்லை" என்ற ஒரு வரி, பின்னால் வரும் பொறியியலாளருக்குப் பெரும் உபகாரம்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்டெம்பரில், பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் புதிய பதிப்பைக் கொண்டுபோங்கள். திரையில் காட்டுவதோடு நிற்காமல், ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் பெரிய தாளில் ஒன்று, கிராம அலுவலருக்கு ஏ3 தாளில் ஒன்று, தமிழில், அச்சிட்டு. சிவப்புப் பேனாவும் கொடுங்கள். திருத்திய தாள்களைப் பெரும்போக அறுவடைக்குப் பிறகு திரும்ப வாங்குங்கள். அடுத்த ஆண்டுப் பதிப்பின் பாதி வேலை அந்தத் தாள்களிலேயே முடிந்திருக்கும். வெள்ள இரவில் மின்சாரமும் இணையமும் போனாலும் சுவரில் இருக்கும் தாள் கைகொடுக்கும்.

மூன்று மாவட்டங்களும் ஒரே எண் முறையையும் ஒரே கட்டத்தையும் பின்பற்றினால் இணைப்பது அரைநாள் வேலை. இல்லாவிட்டால் எல்லையோரக் குளங்கள் இரண்டு முறை வரும் அல்லது வரவே வராது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சித் திட்டமிடல் கிளைகள் சந்தித்து, கனகராயன் ஆற்றின் நீரேந்து பகுதியை மட்டும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். மன்னாருக்கு இதே வேலை அநுராதபுரத்தோடு, அருவியாற்றுக்காக.

ஒப்படைப்பு: இடமாற்றக் கடிதம் வந்த உத்தியோகத்தரிடமிருந்து மூன்றை எழுத்தில் வாங்காமல் விடுவிக்காதீர்கள். மூலக் கோப்பு இருக்கும் இடமும் கடவுச்சொல்லும், நிலுவையில் உள்ள திருத்தங்களின் பட்டியல், அவருடைய சொந்த மடிக்கணினியில் மட்டும் இருக்கும் கோப்புகளின் பிரதி. மூன்றாவதைப் பெற, அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து பார்ப்பதே வழி.